பரணில் இருக்கிற துப்பாக்கிக்கு யார் கணக்குக் கொடுப்பது?

தியானப் பகுதி: யாத்திராகமம் 21:28-32, 22:2,3, உபாகமம் 19:1-10



இந்த மாதம் நான் எழுதப்போகிற காரியம் பிரசங்க பீடத்தில் அதிகமாகப் பேசப்படாத ஒன்று. தன்னையும் தன் வீட்டாரையும் காத்துக்கொள்ள ஒரு விசுவாசி ஆயுதம் வைத்திருக்கலாமா? வைத்திருந்தால், அதற்கு அவன் யாருக்கு எப்படிக் கணக்குக் கொடுக்க வேண்டும்? பட்டணத்துச் சபையிலே இந்தக் கேள்வி வெறும் விவாதமாக இருக்கலாம். நம் கொல்லிமலையிலே அப்படியல்ல. சில வீடுகளில் அது பரண்மேல் சாக்கு சுற்றிப் படுத்திருக்கிறது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு சகோதரர் கொஞ்ச நாளைக்கு முன்பு என்னிடம் இப்படிக் கேட்டார்: "ஐயா, எங்க அப்பா செத்துப்போயி ஆறு வருஷம் ஆச்சுங்க. அவரு வச்சிருந்த நாட்டுத் துப்பாக்கி அப்படியே கிடக்குது. லைசென்ஸ் எல்லாம் கிடையாதுங்க. நான் அதை எடுத்ததும் இல்ல, சுட்டதும் இல்ல. ஆனா ராத்திரியில நாய் குரைச்சா, அது இருக்குதுன்னு ஒரு தைரியம். இது பாவமுங்களா?"

நேர்மையான கேள்வி. "ஆமாம், பாவம்" என்றோ "பரவாயில்லை தம்பி" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனதில்லை. வேதத்தையும் தேசத்தின் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அதிலே நான் கண்டதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நம்முடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால்தான் நம் மலை. அதற்கும் மேலே, ரோட்டை விட்டு இறங்கி நடந்து போகிற குக்கிராமங்கள் எத்தனை! வாழவந்திநாட்டிலும் செங்கரையிலும் காவல் நிலையம் இருக்கிறது. ஆனாலும் நடுராத்திரியில் ஒரு ஆபத்து என்றால் ஆள் வந்து சேர நேரமாகும். மரவள்ளிக் காட்டைக் காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுவிடும். காயப்போட்ட மிளகுக்கு யார் காவல்? பலாவுக்கு யார் காவல்? இப்படிப்பட்ட இடத்தில் நம் தாத்தாமார் துப்பாக்கி வைத்துக்கொண்டார்கள் என்றால் அது கொலைவெறியால் அல்ல. அதை நாம் மறக்க வேண்டாம்.

நம் மலைக்கே ஆயுதத்தால் வந்த பெயரும் உண்டு. செம்மேட்டிலே வில்லோடு சிலையாக நிற்கிற வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தினான் என்று சங்கப் பாட்டு புகழ்கிறது. ஆடி 18-ஐ ஒட்டி அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. ஆனால் அதே ஓரி திருமுடிக்காரியின் கையில் மடிந்தான், மலை சேரனுக்குப் போனது என்பதையும் சங்கப் பாடல்களே சொல்கின்றன. வில்லிலே அவனுக்கு மிஞ்சினவன் இல்லை. ஆனாலும் வில் அவனைக் காக்கவில்லை.

1. இரவும் பகலும் ஒன்றல்ல

யாத்திராகமம் 22-ம் அதிகாரம் 2, 3 வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு திருடன் வீட்டைக் கன்னமிட்டு நுழையும்போது அடிபட்டுச் செத்தால், அடித்தவன்மேல் இரத்தப்பழி இல்லை. ஆனால் சூரியன் உதித்தபின் அப்படி நடந்தால், அடித்தவன்மேல் பழி உண்டு. திருடன் பதில் கொடுத்துத் தீர்க்க வேண்டியவன், சாக வேண்டியவன் அல்ல என்பதே அதன் கருத்து.

ஏன் இந்த வித்தியாசம்? இருட்டில் வந்தவன் எதற்கு வந்தான் என்று உனக்குத் தெரியாது. பானையிலிருக்கிற பணத்துக்கு வந்தானோ, உன் பிள்ளையின் கழுத்துக்கு வந்தானோ? பயந்து அடித்தாய். அந்தப் பயத்தை ஆண்டவர் அறிகிறார். விடிந்துவிட்டால் உனக்குக் கண் தெரியும், கூப்பிட்டால் ஆள் வரும், திருடனை அடையாளம் சொல்லலாம். அப்போதும் கொன்றால், நீ காத்தது உயிரை அல்ல, பொருளை. பொருளுக்கு உயிரை விலையாக வாங்க தேவன் அனுமதிக்கவில்லை.

இப்போது நம் தேசத்தின் சட்டத்தைப் பாருங்கள். 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதிலே 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்க நமக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் பொருளைக் காக்கிற உரிமை எப்போது கொல்லுகிற அளவுக்குப் போகலாம் என்று 41-ம் பிரிவு வரம்பு கட்டுகிறது. கொள்ளை, குடியிருக்கிற வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்படும்படியான திருட்டு, இவற்றோடு அது எண்ணுகிற இன்னொன்று: சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கிற வரைக்கும் நடக்கிற கன்னமிடுதல்! மோசேயின் நியாயப்பிரமாணம் கோடு போட்ட அதே இடத்தில் டில்லியின் சட்டமும் கோடு போடுகிறது. எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பது எது என்று கவனியுங்கள். காட்டிலே மிளகுக் கொடியில் கை வைத்தவன், வாழைத்தார் வெட்டிக்கொண்டு ஓடுகிறவன், வரப்பை நகர்த்தினவன், மாட்டை நம் சாமைக் காட்டில் மேயவிட்டவன். உன் உயிருக்கு ஆபத்து இல்லாதபோது இவர்களைச் சுட்டுக் கொல்ல எந்தச் சட்டமும் உனக்கு உரிமை தரவில்லை. பிடிக்கலாம், தடுக்கலாம், புகார் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

37-ம் பிரிவு இன்னும் இரண்டு காரியம் சொல்கிறது. அதிகாரிகளின் உதவியைத் தேட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது. இதற்காக ஆபத்தில் நிற்கிறவன் தராசு பிடித்து நிறுக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தற்காப்பின் விதிகளைத் தொகுத்துச் சொன்னபோது இதைத் தெளிவாகவே சொன்னது. நியாயமான பயம் வந்த நொடியில் உரிமை தொடங்குகிறது. அந்தப் பயம் தீர்ந்த நொடியில் உரிமையும் தீர்ந்துபோகிறது. முகத்துக்கு நேரே அரிவாளோடு வருகிறவன் வேறு. திரும்பி ஓடுகிறவனின் முதுகு வேறு. முதுகில் சுட்டால் அதற்குப் பெயர் தற்காப்பு அல்ல, பழிவாங்குதல். பழிவாங்குதல் யாருக்குரியது என்று ரோமர் 12-ம் அதிகாரம் வாசித்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2. என் உயிர் வேறு, என் பிள்ளையின் உயிர் வேறு

"விசுவாசிக்கு ஆயுதமே எதற்கு? கர்த்தர் காக்கிறார் என்று நம்பவில்லையா?" என்று கேட்கிற சகோதரர்களும் நம்மிலே உண்டு. அவர்களுடைய வைராக்கியத்தை மதிக்கிறேன். ஆனால் கர்த்தர் காக்கிறார் என்று நம்புகிற நாமெல்லாரும் ராத்திரியில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத்தான் தூங்குகிறோம். அது அவிசுவாசம் இல்லையே! நெகேமியா 4-ம் அதிகாரத்தில் அலங்கம் கட்டினவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள். ஒரு கையால் வேலை செய்தார்கள், மறு கையிலே ஆயுதம் பிடித்திருந்தார்கள். அவர்கள் நின்றது தங்கள் பெண்டு பிள்ளைகளுக்காக.

பேதுருவின் காரியத்தையும் யோசியுங்கள். கெத்செமனேக்குப் போகும் முன்பு சீஷர்களிடத்தில் இரண்டு பட்டயங்கள் இருந்தன. அது இயேசுவுக்குத் தெரியும். பேதுரு அதை உருவி மல்குஸின் காதை வெட்டினபோது ஆண்டவர் அதை உறையிலே போடச் சொன்னார். தூக்கி எறியச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் வெட்டுண்ட காதை உடனே தொட்டுச் சுகமாக்கினார். அந்தப் பேதுரு மீன் பிடிக்கிறவன், சேவகன் அல்ல. இருட்டு, பதற்றம், பழக்கமில்லாத கை. காதோடு போனது தேவகிருபை. நம் கையிலே இருப்பது பட்டயமல்ல, துப்பாக்கி. அது காதோடு நிற்காது. காதை ஒட்டவைக்க நம் பக்கத்தில் ஆண்டவர் சரீரத்தில் நிற்கப்போவதும் இல்லை.

1956 ஜனவரி 8-ந் தேதி ஈக்வடார் தேசத்துக் காட்டில், குராராய் ஆற்றங்கரையில் ஜிம் எலியட், நேட் செயிண்ட் உட்பட ஐந்து மிஷனெரிகள் வவோராணி ஜனங்களின் ஈட்டிகளால் குத்தப்பட்டு இறந்தார்கள். பலருக்கு இது தெரிந்த சரித்திரம். பலருக்குத் தெரியாதது, அவர்களிடம் துப்பாக்கி இருந்தது என்பது. எந்த நிலையிலும் அந்த ஜனங்களைக் கொல்ல அதைப் பயன்படுத்துவதில்லை என்று முன்னமே தீர்மானித்திருந்தார்கள். தாங்கள் மரிக்க ஆயத்தம், அந்த ஜனங்களோ ஆயத்தமில்லை என்பது அவர்கள் நியாயம். 1958-ல் எலியட்டின் மனைவி எலிசபெத்தும் நேட் செயிண்ட்டின் சகோதரி ரேச்சலும் அதே ஜனங்களிடத்தில் போய்க் குடியிருந்தார்கள். அந்த ஐந்து பேர் சுட்டிருந்தால் அந்த வாசல் திறந்திருக்குமா?

இதிலிருந்து நான் கற்றுக்கொள்வது இது. என் உயிரைக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு, அது அன்பு. ஆனால் என் மனைவியின் உயிரையோ பக்கத்து வீட்டுக் கிழவியின் உயிரையோ நான் தானம் பண்ண முடியாது, அது என்னுடையதல்ல. ஆகவே பிறர் உயிருக்காக நடுவில் நிற்பது பாவமென்று நான் சொல்லமாட்டேன். என் சொந்த உயிருக்காக நிற்பதும் குற்றமென்று வேதமோ சட்டமோ சொல்லவில்லை. ஆனால் என் மிளகுக்காக, என் மானத்துக்காக, என் கோபத்துக்காக ஒருவன் உயிரை எடுக்க எனக்கு ஒரு வசனமும் கிடைக்கவில்லை.

3. கை தவறினால்?

கொலை செய்யும் எண்ணம் நம்மில் ஒருவருக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மலைப்பகுதிகளில் துப்பாக்கியால் வருகிற சாவு எப்போதும் எண்ணத்தோடு வருவதில்லையே. புதரிலே அசைவு. பன்றி என்று நினைத்துச் சுட்டான். போய்ப் பார்த்தால் கூட வந்த கூட்டாளி. எத்தனை மலைகளில் எத்தனை குடும்பங்கள் இப்படி அழுதிருக்கின்றன!

உபாகமம் 19-ம் அதிகாரம் 5-ம் வசனம் காட்டிலே மரம் வெட்டப்போன இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் சாகிறான். பகை இல்லை, எண்ணம் இல்லை. அவன் அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடிப் பிழைக்கலாம். நம் சட்டத்திலும் இதே உதாரணம் இருக்கிறது! பாரதிய நியாய சன்ஹிதா 18-ம் பிரிவு, பழைய சட்டத்தில் 80-ம் பிரிவு. கோடரித் தலை கழன்று பக்கத்தில் நின்றவன் செத்தால், வெட்டினவன் சரியான கவனத்தோடு இருந்திருந்தால் குற்றமில்லை என்கிறது.

ஆனால் அதற்கு அந்தப் பிரிவு கேட்கிற நிபந்தனைகளைப் பாருங்கள். செய்த காரியம் சட்டப்படியானதா? செய்த விதம் சட்டப்படியானதா? பயன்படுத்திய சாதனம் சட்டப்படியானதா? உரிய ஜாக்கிரதை இருந்ததா? லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு, வேட்டை தடைசெய்யப்பட்ட காட்டில், ராத்திரியில் போனவன் இந்த நாலு கேள்விக்கு என்ன பதில் சொல்லுவான்? வழக்குக்கு வழக்கு தீர்ப்பு மாறும். ஒரிஸாவிலே மக்காச்சோளக் காட்டைக் காவல் காத்த ஒருவர் கரடி என்று நம்பி அம்பு எய்து, ஒரு மனுஷன் செத்துப்போன வழக்கில், நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1978-ல் பதிவான தீர்ப்பு அது. ஆனால் கவனக்குறைவு என்று ரூபிக்கப்பட்டால் 106-ம் பிரிவின்படி 5 வருஷம் வரை சிறை உண்டு. சாவு வருமென்று தெரிந்தே சுட்டதாக நிரூபணமானால் தண்டனை இன்னும் பெரிது.

இன்னொரு காரியம். அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடினவன் குற்றமற்றவன்தான். ஆனாலும் அவன் அன்று சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பவில்லை. பிரதான ஆசாரியன் மரிக்கிற வரைக்கும் அவன் அங்கேயே இருக்க வேண்டும் என்று எண்ணாகமம் 35-ல் கட்டளை. சொந்த நிலம், சொந்த ஊர், எல்லாம் தூரம். ஏன்? குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தாலும், சிந்தின இரத்தம் சிந்தினதுதான். கோர்ட்டு விட்டுவிடும். கூட்டாளியின் மனைவியை ஞாயிற்றுக்கிழமை சபையிலே எப்படிப் பார்ப்பாய்?

4. முட்டுகிற மாடு

இப்போது அந்தச் சகோதரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நான் எடுத்ததும் இல்ல, சுட்டதும் இல்ல" என்றார். எடுக்காமலே, சுடாமலே பொறுப்பு உண்டா?

உண்டு. யாத்திராகமம் 21:29. ஒரு மாடு முட்டுகிற மாடு என்று எஜமானுக்குத் தெரிந்திருக்கிறது, எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று. அவன் அதைக் கட்டி வைக்கவில்லை. அது ஒருவனை முட்டிக் கொன்றால் மாடு மட்டுமல்ல, எஜமானும் குற்றவாளி. அவன் முட்டவில்லை, முட்டச் சொல்லவும் இல்லை. கட்டி வைக்காததே அவன் குற்றம். உபாகமம் 22:8-ல் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டாதவனுக்கும் அதே நியாயம். ஆயுதத்தின் பொறுப்பு சுடுகிற நொடியில் ஆரம்பிக்கவில்லை. அது உன் கூரையின் கீழ் வந்த நாளிலே ஆரம்பித்துவிட்டது. நீ தூங்குகிற நேரமும் கணக்கில் சேரும்.

நாட்டுத் துப்பாக்கி எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியோ நாரோ அடைத்து, பால்ரஸ் குண்டோ ஈயமோ போட்டு, கம்பியால் இடித்து வைப்பது. நிரப்புவது சுலபம், இறக்குவது கஷ்டம். சுட்டால்தான் காலியாகும் என்பதால் பலர் நிரப்பினபடியே மூலையில் சாத்திவிடுவார்கள். பூட்டும் இல்லை, தடுப்பும் இல்லை. பட்டறையில் அடித்த குழல் எப்போது வெடித்துச் சுட்டவன் முகத்திலேயே பாயும் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டிலே விளையாடுகிற பையன் இருக்கிறான். சாராயம் குடித்துவிட்டு வருகிற தம்பி இருக்கிறான். மனமுடைந்துபோன ஒரு பெண்பிள்ளை இருக்கலாம். துப்பாக்கிக்கு வெளியாள் யார், வீட்டாள் யார் என்று தெரியாது.

1993-ல் அமெரிக்காவில் கெல்லர்மன் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. துப்பாக்கி இருக்கிற வீட்டில் கொலை நடக்கிற ஆபத்து, இல்லாத வீட்டைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அந்த அதிகம் வந்தது பெரும்பாலும் கன்னமிட்ட திருடனாலே அல்ல, குடும்பத்தார் கையாலும் நெருங்கினவர் கையாலும். அமெரிக்கா வேறு, நம் மலை வேறு. ஆனால் கோபமும் குடியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 3-ம் பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். சுட்டாலும் சுடாவிட்டாலும், அப்பா வைத்தாலும் தாத்தா வைத்தாலும் ஒன்றுதான். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 2 வருஷத்திலிருந்து 5 வருஷம் வரை சிறையும் அபராதமும். லைசென்ஸ் இல்லாமல் செய்து கொடுக்கிறவனுக்கும், விற்கிறவனுக்கும், பழுது பார்க்கிறவனுக்கும் 7 வருஷத்திலிருந்து ஆயுள் வரை. "நாம பழங்குடி, நமக்கு விலக்கு உண்டு" என்று சிலர் நினைக்கிறார்கள். கர்நாடகாவில் குடகு நாட்டுக் கொடவர்களுக்கு அப்படி ஒரு தனி விலக்கு இருக்கிறது, உண்மை. நம் மலையாளி ஜனத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. கையில் எடுக்கிற அரிவாள், தடி இவையெல்லாம் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் உரிய கருவி. துப்பாக்கி அந்தக் கணக்கில் வராது.

5. பன்றிக்கு என்ன செய்வது?

இது நியாயமான கேள்வி. வருஷம் முழுக்கப் பாடுபட்ட மரவள்ளி போனால் வயிறு எரியும். பயிரைக் காக்க, குழல்வாய் வழியாக மருந்து நிரப்புகிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவே இடம் கொடுக்கிறது. ஆனால் லைசென்ஸ் கிடைத்தாலும் காட்டு மிருகத்தைச் சுட அது அனுமதி ஆகாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் மிருகத்தைக் கொன்றால் அது குற்றமல்ல என்று 11-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவன் வேறு குற்றம் செய்துகொண்டிருக்கக் கூடாது. கள்ளத்தனமாக வேட்டைக்குப் போனவன்மேல் கரடி பாய்ந்தது, அவன் சுட்டான் என்றால், இந்தப் பிரிவு அவனுக்குத் துணை வராது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தது. அதுவும் வனத்துறையார் கையால்தான், நம் கையால் அல்ல. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையில் இழப்பீடு கேட்டு மனுக் கொடுக்கலாம். அலைச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயிலுக்கு அலைவதைவிட அது சுலபம்.

6. ஆகையால் என்ன செய்யலாம்?

அந்தச் சகோதரருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

லைசென்ஸ் உள்ள ஆயுதம் இருந்தால், அதைக் காலத்திலே புதுப்பியுங்கள். 2019 திருத்தத்தின்படி அது 5 வருஷத்துக்குச் செல்லும். மருந்தை ஒரு பெட்டியில், துப்பாக்கியை இன்னொரு பெட்டியில் பூட்டி, சாவியை உங்கள் கையிலே வையுங்கள். யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள், மச்சானுக்கும் கூட. குடிக்கிறவர் இருக்கிற வீட்டில் அது இருக்கவே வேண்டாம். லைசென்ஸ்தாரர் இறந்துபோனால், ஆயுதம் தானாகப் பிள்ளைக்கு வந்துவிடாது. காவல் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆயுதக் கடையிலோ தாமதமில்லாமல் ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் புதிதாக நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

லைசென்ஸ் இல்லாதது இருந்தால், வைத்திருக்காதீர்கள். ஆற்றிலே எறிவது, புதைப்பது, விற்பது எதுவும் வேண்டாம். நீங்கள் புதைத்ததை இன்னொருவன் தோண்டுவான். நம் மலையிலே அவ்வப்போது காவல்துறை, உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்புக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தனியாக அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டிலே நடந்து போகாதீர்கள், அதுவே வழக்காகிவிடும். ஊர்க் கவுண்டரையோ கிராம நிர்வாக அலுவலரையோ கூட வைத்துக்கொண்டு, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். பயமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் யோசனை கேளுங்கள். பழங்குடியினருக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம், 1987-ம் வருஷத்துச் சட்டமே அதைச் சொல்கிறது. 15100 என்ற நம்பரில் கூப்பிடலாம்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 1 சாமுவேல் 25-ல் சாப்பாட்டு விஷயத்தில் வந்த அவமானத்துக்காக 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு வந்தான் தாவீது. வழியிலே நின்று பேசி அவனை இரத்தப்பழிக்கு விலக்கினவள் அபிகாயில். பிற்பாடு தாவீது அவளுக்காகத் தேவனைத் துதித்தான். வீட்டிலே பரண்மேல் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். "இது வேண்டாங்க, கொடுத்திடலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அப்படியானால் ராத்திரியில் நாய் குரைக்கும்போது என்ன தைரியம்? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒதுக்குப்புறமான வீட்டிலே பயம் உண்மை. அந்தப் பயத்தை ஒரு வீடு தனியாகச் சுமக்கும்போதுதான் துப்பாக்கி தேவைப்படுகிறது. பத்து வீடு சேர்ந்து சுமந்தால்? கூப்பிடு தூரத்தில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் போன் நம்பர் வைத்துக்கொள்ளலாம். சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் விளக்குப் போடலாம். மிளகு காயும் நாட்களில் முறை வைத்துக் காவல் இருக்கலாம். தனியாக இருக்கிற விதவைத் தாயாரின் வீட்டுப் பக்கம் வாலிபர்கள் ஒரு நடை போய் வரலாம். நெகேமியாவின் அலங்கத்திலும் அவனவன் தன் வீட்டுக்கு எதிரான பங்கைக் கட்டினான், ஆனால் எக்காளம் ஊதினால் எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடிவந்தார்கள். சபை என்பது அந்த எக்காளச் சத்தத்துக்கு ஓடிவருகிற கூட்டமாக இருக்க வேண்டாமா?

நம் கையில் ஒப்புவிக்கப்பட்ட ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. காணிக்கைக்குக் கணக்கு, நாவுக்குக் கணக்கு. பரணில் இருக்கிறதற்கும் கணக்கு உண்டு. கர்த்தர் தாமே நம் மலையின் ஒவ்வொரு வீட்டையும் இரத்தப்பழிக்கு விலக்கி, சமாதானத்தோடே படுத்து நித்திரை செய்யக் கிருபை செய்வாராக. ஆமென்.